தாங்குவது அவன் கடன்

அன்புள்ள ஐயா,

பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்பு. பக்கத்து நிலத்துக்காரர் போலிப் பத்திரம் போட்டு வளைத்துக்கொண்டார். எட்டு வருடமாக வழக்கு. வாய்தாவுக்கு அலைந்தே அப்பா போய்ச் சேர்ந்தார். இந்த வருடத் திருவிழாவில் அதே ஆளுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். கும்பிட எடுத்த கையை இறக்கிவிட்டேன். சாமி இதையெல்லாம் பார்க்கிறதா? இப்படிக் கேட்பதே பாவமோ என்றும் பயமாக இருக்கிறது.

பண்ருட்டி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாவமே இல்லை. உங்களுக்குப் பக்கத்தில், திருவதிகையில், அப்பர் பாடிய முதல் பதிகமே முறையீடுதான். ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்.’ எமனாக வந்து நிற்கிற இந்த நோயை நீர் விலக்கவில்லையே என்கிறார். நான் செய்த கொடுமை எதுவும் எனக்குத் தெரியவில்லையே என்று வேறு கேட்கிறார். நான்காம் திருமுறை அந்தப் பாட்டில்தான் தொடங்குகிறது. பரிவட்டம் கட்டியவர்கள் மனிதர்கள். அதைச் சாமியின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் இருப்பது திருப்பாதிரிப்புலியூர். கல்லைக் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், அந்தக் கல்லோடு மிதந்து கரை சேர்ந்த இடம் இங்கே கரையேறவிட்டகுப்பம் என்று ஊர்ப்பெயராகவே நிற்கிறது. சின்ன வயதில் கல் மிதந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது, கல்லைக் கட்டிக் கடலில் தள்ளினாலும் நமச்சிவாயமே துணை என்று அவர் பாடியதில், ‘கடலில் பாய்ச்சினும்’ என்கிற அந்த ‘உம்’மில் மனம் நின்றுவிடுகிறது. கட்டமாட்டார்கள் என்றோ கல் கனக்காது என்றோ அவர் சொல்லவில்லை.

சரி, அவருக்குக் கல் மிதந்தது. அவருடைய அக்கா திலகவதியாருக்கு? பெற்றோர் அடுத்தடுத்துப் போனார்கள். நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்தார். உயிரை விடத் துணிந்தவர் தம்பிக்காக இருந்தார். அந்தத் தம்பியும் வேறு சமயத்துக்குப் போய்விட்டார். அவர் திரும்புவாரா என்று தெரியாத அத்தனை காலமும் அக்கா விடியுமுன் எழுந்து திருவதிகைக் கோயிலைக் கூட்டினார், மெழுகினார், பூப்பறித்து மாலை தொடுத்தார். மெழுகுகிற சாணம்கூட, ஈன்ற தீட்டுக் கழிந்த பசுவினுடையதாகப் பார்த்து எடுத்தார் என்று சேக்கிழார் எழுதுகிறார். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். எல்லாம் கைவிட்டுப்போன ஒருத்திக்குச் சாணத்தில் அத்தனை அக்கறை.

அந்தத் தம்பிதான் பிறகு கடம்பூரில், நம் மாவட்டத்து மேலக்கடம்பூரில், ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே’ என்று பாடினார். தயவு என்று சொல்லாமல் கடன் என்கிறார் பாருங்கள். அவ்வளவு உரிமை. அந்தக் கடனை அவன் என்று, எப்படித் தீர்ப்பான் என்பது நம் கையில் இல்லை. தீர்ப்பான் என்று நம்புகிறேன்.

தோப்பு திரும்பக் கிடைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வழக்கை விடாதீர்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாய்தாவுக்குப் போங்கள். அதுவும் உங்கள் பணிதான். திரும்பும் வழியில் திருவதிகையில் இறங்கி, அந்த அக்கா கூட்டிய கோயிலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கை எழுந்தால் கும்பிடுங்கள். எழாவிட்டால் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.