60 ஈமெயிலும் 3 இலட்சமும்

கேள்வி: கொட்டியாரக் குடாவின் கடற்புல் பற்றி ஆய்வு செய்து போன வருடம் கலாநிதிப் பட்டம் முடித்தேன். மூன்று மாரி தோணியில் போய் அளந்திருக்கிறேன். இப்போது தற்காலிக விரிவுரையாளர். போஸ்ட் டொக் (கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வு வேலை) செய்ய வெளிநாட்டுப் பேராசிரியர்கள் 60 பேருக்கு ஈமெயில் போட்டேன். இரண்டு பேர் மட்டும் ‘காசு இல்லை’ என்று பதில் போட்டார்கள். அத்தானுக்குத் தெரிந்த ஒருவர் 3 இலட்சம் தந்தால் இடம் எடுத்துத் தருகிறாராம். கொடுக்கலாமா? ஈமெயிலின் பிரதியை இணைத்துள்ளேன்.
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஜெர்மனியின் ஹம்போல்ட், ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி போன்ற பெரிய புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. விண்ணப்பம் எழுதுவது நீங்களும் உங்களை ஏற்கும் பேராசிரியரும்தான். நடுவில் இன்னொருவருக்கு வேலையில்லை. இதை அத்தானிடம் எப்படிச் சொல்வதென்பது உங்கள் பாடு.

ஈமெயிலை வாசித்தேன். ‘ரெஸ்பெக்டெட் சேர்’ என்று தொடங்கி, பிறந்த திகதி, ஓ.எல். பெறுபேறு எல்லாம் இருக்கிறது. கடற்புல் நாலாம் பந்தியில்தான் வருகிறது. அதற்குள் அந்த மனுஷன் அடுத்த ஈமெயிலுக்குப் போயிருப்பார். (இந்தப் பிரதி போனது ஒரு பெண் பேராசிரியருக்கு. அவருக்கும் ‘சேர்’தான்!)

கையில் இருப்பதன் பெறுமதி உங்களுக்கே தெரியவில்லை. மகாவலி கடலில் விழுவது உங்கள் குடாவில். மாரி வெள்ளம் கொண்டுவரும் சேற்றில் புல் என்ன பாடுபடுகிறது என்று மூன்று வருடக் கணக்கு வைத்திருப்பவர் எத்தனை பேர்? அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பிறகு, அந்தப் பேராசிரியருடைய எந்தக் கட்டுரையை வாசித்தீர்கள், என்ன கேள்வி எழுந்தது, அங்கே வந்தால் எதைச் செய்வீர்கள். அரைப் பக்கம் போதும்.

60 பேர் வேண்டாம், ஆறு பேர் போதும். உங்கள் ஆய்வேட்டின் உசாத்துணைப் பட்டியலில் அடிக்கடி வரும் பெயர்களைப் பிடியுங்கள். அவர்களின் புதிய கட்டுரைகளின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், காசு கொடுத்தது யாரென்று இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் காசென்றால் அந்தத் திட்டம் எப்போது தொடங்கியது, எப்போது முடியும் என்பதை ஒன்றியத்தின் திட்ட விவரங்கள் இருக்கும் கோர்டிஸ் (CORDIS) தளத்தில் பார்க்கலாம். இப்போதுதான் தொடங்கியதென்றால் ஆள் எடுப்பார்கள். முடியப்போகும் திட்டத்தின் கதவைத் தட்டிப் பயனில்லை. ஆய்வு வேலை விளம்பரங்களுக்கு யூராக்செஸ் (EURAXESS) தளத்தைப் பாருங்கள். ஜெர்மனியின் பிரேமனில் வெப்பமண்டலக் கடல் ஆய்வுக்கென்றே லைப்னிட்ஸ் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

‘காசு இல்லை’ என்ற இருவரையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லையே! ஐரோப்பாவில் இருப்பவரென்றால், ‘மரி கியூரிக்குச் சேர்ந்து விண்ணப்பிப்போமா?’ என்று கேளுங்கள். கலாநிதி முடித்து 8 வருடத்துக்குள் இருக்க வேண்டும். போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. உப்புவெளியில் இருக்கும் உங்களுக்கு இரண்டும் தடையில்லை. விண்ணப்ப முடிவுத் திகதி வழக்கமாக செப்டெம்பரில் என்பதால் சித்திரை வருடப்பிறப்புக்கு முன்பே பேச்சைத் தொடங்குங்கள். ஹம்போல்டுக்கு எப்போதும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஜெர்மனியில் ஏற்பவர் ஒருவர் முதலில் வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு உங்கள் மேற்பார்வையாளரிடம் இந்தக் கிழமையே சொல்லி வையுங்கள். பேராசிரியர்கள் ஒரு கடிதத்துக்கு ஒரு மாதம் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன்.