மே மாதத்துப் பட்டியல்

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்தின் கீழ் டிவிஷன்களிலேயே ஆடி ஓய்வுபெற்ற ஒரு டிஃபெண்டரின் விவரத்தைப் பார்த்தேன். 15 வருடத்தில் 11 கிளப்! எங்கேயும் ஒட்டாத ஆளா, ஆட்டம் சரியில்லாதவரா?

பதில்: இரண்டும் இல்லாமல் இருக்கலாம். முதலில் அந்தப் பதினொன்றைப் பிரித்துப் பாருங்கள். நாலைந்து லோனாகத்தான் இருக்கும்: ஒப்பந்தம் ஒரு கிளப்பில் இருக்க, கொஞ்ச காலம் இன்னொரு கிளப்புக்கு ஆடப் போவது. மிச்சத்துக்குக் காரணம் காலண்டர்.

பிரீமியர் லீகுக்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று படி, படிக்கு 24 கிளப். கீழ் இரண்டு படிகளில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. ஜூன் 30 அன்று முடிந்துவிடும். மே மாதம், சீசன் முடிந்த சூட்டோடு, யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று கிளப் பட்டியல் போடும். நடுவில் மேனேஜர் மாறியிருந்தால் கதை முடிந்தது. புதியவர் தனக்குப் பழகின சென்டர் பேக்கை, அதாவது நடுவில் நிற்கும் டிஃபெண்டரை, கூடவே கூட்டிவருவார். பழைய ஆள் நன்றாக ஆடியிருந்தாலும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் நிலைமை நேர்மாறு. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடாமல் பிடித்து வைக்கலாம். 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற ஆட்டக்காரரின் வழக்கு அந்தப் பிடியைத் தளர்த்தியது. 1995இல் போஸ்மன் என்ற ஆட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒப்பந்தம் முடிந்தவரைக் கட்டணமில்லாமல் போகவிட்டது. ஆட்டக்காரருக்குச் சுதந்திரம் கிடைத்தது. வாங்க ஒரு பைசா ஆகாத ஆளை விடுவதும் கிளப்புக்குச் சுலபமாகிவிட்டது. இதைப் பலர் சொல்வதில்லை.

கேள்வி: லோனில் போவது நல்லதா? ஒதுக்கிவிட்டார்கள் என்றுதானே பொருள்?

பதில்: வயதைப் பொறுத்தது. 19 வயதுப் பையன் பெரிய கிளப்பின் ரிசர்வ் அணியில் நாற்பது ஆட்டம் ஆடுவதைவிட, ஐந்தாம் படியான நேஷனல் லீகில் பத்து ஆட்டம் ஆடினால் அதிகம் கற்றுக்கொள்வான். அங்கே எதிரில் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்கு 33 வயது, வீட்டுக் கடன் இருக்கும், முழங்கை எங்கே படவேண்டும் என்று தெரியும். 29 வயதில் ஒப்பந்தம் பாதியில் இருக்கும்போது லோன் என்றால் மட்டும், ஆமாம், கதவைக் காட்டுகிறார்கள்.

கிளப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே ஏற்கெனவே எத்தனை சென்டர் பேக் இருக்கிறார்கள், எத்தனை பேர் லோனில் வந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒரு ஆட்டத்துக்கான அணியில் எத்தனை லோன் ஆட்களைச் சேர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டி வந்தவர் ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி: லீக் டூ சென்டர் பேக்குக்கு முக்கியமான திறமை எது? பந்தைக் காலில் வைத்து ஆடுவதா?

பதில்: அது இருந்தால் மேல்படியில் கேட்பார்கள். கீழே முதல் கேள்வி, உயரப் பந்து. எதிரணி கோல்கீப்பர் நீளமாக அடிக்கிறார். அவர்களுடைய உயரமான ஸ்ட்ரைக்கர் முதுகைக் காட்டிக்கொண்டு உங்கள் மேல் சாய்கிறார். புதியவர்கள் பதிலுக்குச் சாய்வார்கள். தப்பு. அதைத்தான் அவர் எதிர்பார்க்கிறார்: உங்கள் எடையைத் தாங்குவதுபோல் நின்று சட்டென்று விலகித் திரும்புவார், அல்லது விழுந்து ஃப்ரீ கிக் வாங்குவார். அரைக் கை தூரம் விட்டு நில்லுங்கள். பந்து இறங்கும் இடத்தைப் படித்து, ஓரடி பின்னாலிருந்து ஓடிவந்து, ஒற்றைக் காலில் எம்பி, அவருக்கு முன்பே மேலே இருங்கள். நெற்றி பந்தின் அடிப்பாதியில் படவேண்டும். அப்போதுதான் உயரமும் தூரமும் கிடைக்கும். மேல்பாதியில் பட்டால் பந்து அவர் காலடியிலேயே விழும். நடுவில் தட்டாமல் ஓரத்துக்குத் தட்டுங்கள்.

பல கோல்கள் வருவது அடுத்த நொடியில்தான். கூட ஆடும் சென்டர் பேக் ஏழெட்டு கஜம் பின்னால் குறுக்காக நிற்கவேண்டும். இருவரும் ஒரே பந்துக்கு எம்பினால் பின்னால் வெட்டவெளி. மோதலைவிடக் கத்தல் முக்கியம். "என்னுது" என்று முதலில் கத்தியவர் போகட்டும்.

கேள்வி: மஞ்சள் அட்டைக் கணக்கு குழப்புகிறது.

பதில்: லீகில் மொத்தம் 46 ஆட்டம். முதல் 19 ஆட்டத்துக்குள் ஐந்து மஞ்சள் வாங்கினால் ஒரு ஆட்டம் தடை. 37 ஆட்டத்துக்குள் பத்து என்றால் இரண்டு. பதினைந்து என்றால் மூன்று. 20ஆவது ஆட்டத்தில் ஐந்தாவது அட்டை வந்தால் தடை இல்லை. அதனால் நான்கு அட்டையுடன் 18ஆவது ஆட்டத்துக்குப் போகும் டிஃபெண்டர் நடுவரிடம் வாய் கொடுக்கவே கூடாது.

கவலை தடையோடு நிற்பதில்லை. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் ஆட்டப்படி போகும். உங்கள் இடத்தில் இறங்கியவர் கோல் விடாமல் ஆடிவிட்டால் இடமும் போகும். சில ஒப்பந்தங்களில் "25 ஆட்டம் ஆடினால் இன்னொரு வருடம்" என்று ஒரு வரி இருக்கும். உங்களை வைத்துக்கொள்ள மனமில்லாத கிளப், 24ஆவது ஆட்டத்தோடு பெஞ்சில் உட்காரவைக்கும். மாற்று ஆட்டக்காரராக இறங்கினாலும் கணக்கில் சேரும் என்று எழுதி வாங்குங்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்கலாம்.

கேள்வி: இவ்வளவு தலையால் முட்டினால் மூளைக்குக் கேடு இல்லையா?

பதில்: உண்டு. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019இல் வெளியானது: முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளை நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. அதே குழு 2021இல் ஆடும் இடம் வாரியாகப் பார்த்தபோது டிஃபெண்டர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. கோல்கீப்பர்களுக்கு மற்றவர்களைப் போலவேதான். அந்த வருடமே, பயிற்சியில் வாரத்துக்குப் பத்து வேகமான தலைமுட்டல்தான் என்று இங்கிலாந்தில் வழிகாட்டுதல் வந்தது. நீண்ட பாஸ், கிராஸ், கார்னர், ஃப்ரீ கிக்கெல்லாம் இதில் சேரும். எம்பும் நேரத்தைப் பழக, கையால் எறிந்த பந்து போதும்.

கேள்வி: கீழிருந்து மேலே போன டிஃபெண்டர் யாராவது?

பதில்: டான் பர்ன். டார்லிங்டனில் தொடங்கி, ஃபுல்ஹாமிலிருந்து லோனில் போன யோவிலுக்காக 2013இல் மேல்படிக்குப் போவதற்கான பிளே-ஆஃப் இறுதியில் கோல் போட்டு, விகன், பிரைட்டன் வழியாக நியூகாசில். இங்கிலாந்துக்காக முதல் ஆட்டம் 2025 மார்ச்சில், 32 வயதில். கிரஹாம் அலெக்சாண்டருக்கு இன்னும் தாமதம். பிரீமியர் லீகில் முதன்முதலாக இறங்கியபோது வயது 37.

கேள்வி: பட்டியலில் பெயர் விடுபட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஜூன் முழுவதும் ஓடுங்கள், ஜூலையில் ட்ரையலுக்கு எடையோடு போனால் முதல் நாளே தெரிந்துவிடும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதவருக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாக வரவேண்டும், கேட்டு வாங்குங்கள். ஆகஸ்ட்டிலும் கிளப் கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம். எந்தக் கிளப்பிலும் இல்லாத ஆளை டிரான்ஸ்ஃபர் காலம் முடிந்த பிறகும் சேர்க்கலாம். அக்டோபரில் யாராவது ஒரு சென்டர் பேக்குக்குத் தொடைத் தசை இழுக்கும், போன் வரும். முப்பது தாண்டியிருந்தால் பகுதிநேரக் கிளப்பையும் யோசியுங்கள்: பல இடங்களில் செவ்வாய், வியாழன் மாலைதான் பயிற்சி, பகலில் வேறு வேலை பார்க்கலாம். கோச்சிங் படிப்புக்கு 1907இலிருந்து இயங்கும் ஆட்டக்காரர் சங்கம் உதவுகிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.