அம்மாவுக்கு மீட்பு, அப்பாவுக்கு இரட்சிப்பு

"இயேசுவை நம்பினால் மட்டும் போதும், நற்செயல் எதுவும் தேவையில்லை என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே, உண்மையா? அப்படியென்றால் ஆயுள் முழுக்கக் கொலையும் கொள்ளையுமாகத் திரிந்தவன் கடைசி நிமிடத்தில் நம்பிவிட்டுச் சொர்க்கம் போய்விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியில் இருக்கும் எரிச்சல் எனக்குப் பழக்கமானது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன் குழம்போடு சேர்த்துப் பரிமாறப்பட்ட சண்டை இது.

அப்பா கடலூர்க்காரர், மஞ்சக்குப்பத்தில் வளர்ந்தவர், ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர். டேனிஷ் மிஷனரி சங்கத்தின் 19ஆம் நூற்றாண்டுப் பணியிலிருந்து வளர்ந்த சபை அது. தலைமையிடம் இன்றும் கடலூர்தான். அம்மா புதுச்சேரியின் பரம்பரைக் கத்தோலிக்கர். மிஷன் வீதியில் இருக்கும் சம்பா கோவில்தான் அவருக்கு எல்லாம். கத்தோலிக்கர்களின் உயர்மறைமாவட்டத்துக்குப் 'புதுவை - கடலூர்' என்று பெயர். அந்தப் பெயரை எங்கள் வீட்டு வாசலிலும் எழுதி மாட்டலாம் என்று அப்பா கிண்டல் செய்வார்.

ஒரே கடவுள், ஒரே வேதம், ஆனால் வீட்டில் இரண்டு அகராதிகள். அப்பா கர்த்தர் என்றால் அம்மா ஆண்டவர் என்பார். அப்பாவுக்குக் கிருபை, அம்மாவுக்கு அருள். அவருக்கு விசுவாசம், இவருக்கு நம்பிக்கை. அவருக்கு இரட்சிப்பு, இவருக்கு மீட்பு. சிறுவயதில் இவை வெவ்வேறு பொருள்கள் என்றே நினைத்திருந்தேன். கடலூரில் பாட்டி வீட்டுக்குப் போனால் ஓய்வுநாள் பள்ளியில் 'விசுவாசம்' மனப்பாடம் செய்ய வேண்டும். எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டால் தெருநாய்தான் நினைவுக்கு வரும். சோறு போட்டவனிடம் நாய் காட்டுவதுதானே விசுவாசம்? பல வருடங்கள் கழித்துத் தெரிந்தது, அது அவ்வளவு பெரிய பிழையில்லை என்று. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இருக்கும் 'பிஸ்டிஸ்' என்ற சொல்லுக்கு நம்புதல், நம்பத்தகுந்தபடி நடத்தல் இரண்டும் பொருள். தமிழில் ஒரு சபை ஒரு பாதியையும் இன்னொரு சபை மறு பாதியையும் எடுத்துக்கொண்டது போல எனக்குத் தோன்றும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில், புதிய ஏற்பாட்டில் பவுல் எழுதிய எபேசியர் நிருபத்தின் (கடிதத்தின்) இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." அப்பா இந்த வசனத்தை உச்சரிக்கும்போது குரல் கொஞ்சம் உயரும். உடனே அம்மா யாக்கோபு நிருபத்தை எடுப்பார்: செயல் இல்லாத நம்பிக்கை செத்தது என்று அங்கே எழுதியிருக்கிறதே?

எனக்கு இது புரிந்தது வேதத்திலிருந்து அல்ல, ஓர் அடகுச் சீட்டிலிருந்து. என் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மாவின் நான்கு வளையல்களும் அடகுக்கடைக்குப் போயின. வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. ஏலத்துக்குப் போகும் நிலை. ஒருநாள் மாலை மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். உள்ளே நான்கு வளையல்கள். அசலும் வட்டியும் எவ்வளவு கட்டினார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அம்மா மூன்று நாள் அந்தப் பொட்டலத்தைத் தொடவில்லை. "தவணையில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லுங்கள், அப்புறம் போட்டுக்கொள்கிறேன்" என்று பிடிவாதம். மாமா நான்காம் நாள் வந்து சொன்னது இது: "நீ பணத்தைத் திருப்பித் தந்தால் நான் உனக்கு அண்ணன் இல்லை, சேட்டு." அம்மா கையை நீட்டினார். வளையல் ஏறியது.

மீட்பு என்ற சொல்லுக்கு நம் ஊரில் அன்றாட வாழ்க்கையில் இருக்கும் முதல் பொருளே அதுதான்: அடகு வைத்ததை மீட்பது. இயேசு தம் உயிரை 'மீட்கும்பொருளாக' கொடுக்க வந்ததாக மாற்கு எழுதும்போது சொல்வதும் ஏறத்தாழ இந்தக் கடை வழக்கையே. பணம் கட்டியவர் வேறொருவர். கை நீட்டியதற்காக அம்மாவுக்குக் கூலி கிடைக்கவில்லை. நீட்டாமல் இருந்திருந்தால் வளையல் கைக்கு வந்திருக்காது, அவ்வளவே. லுத்தரன்கள் சொல்லும் விசுவாசம் இந்தக் கை நீட்டல்தான். கட்டணம் அல்ல, சாமர்த்தியமும் அல்ல. சொல்லப்போனால் அம்மாவின் மூன்று நாள் முறைப்பில்தான் எனக்குப் பவுல் புரிந்தார். இலவசமாக வாங்கிக்கொள்வது மனிதனுக்கு அத்தனை எளிதில்லை. கடனாளியாக இருப்பதிலும் ஒரு கௌரவம் இருக்கிறது.

இதற்குப் பிறகு பல வருடங்கள் ஒவ்வொரு ஞாயிறும் மாமா வீட்டுக்கு நண்டுக் குழம்பு போனது. அது தவணையா? இல்லை. தவணை என்று யாராவது சொல்லியிருந்தால் அம்மா அடித்திருப்பார். யாக்கோபு பேசுவது அந்த நண்டுக் குழம்பைப் பற்றி என்று நினைக்கிறேன். வளையலைப் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் அண்ணனை நம்பினாள் என்று எப்படிச் சொல்வது?

வரலாற்றில் இந்த விவகாரம் இவ்வளவு சுமுகமாகப் போகவில்லை. லுத்தரன் சபைகளின் மூலவரான சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தபோது, ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத 'மாத்திரம்' என்ற பொருள்தரும் சொல்லைச் சேர்த்தார். கேட்டவர்களுக்கு, ஜெர்மன் மொழியில் கருத்து அப்படித்தான் விழும் என்று பிறகு வாதாடினார். 'விசுவாசத்தினாலே மாத்திரம்' என்ற தொடர் பைபிளில் நேரடியாக வரும் ஒரே இடம் யாக்கோபு 2:24. அங்கேயோ 'மாத்திரமல்ல' என்று மறுத்து வருகிறது! லூதர் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்று சொன்னதில் வியப்பில்லை. கத்தோலிக்கத் தரப்பு 1547இல் திரெந்து சங்கம் என்ற ஆயர்களின் பேரவையில் லூதரின் 'மாத்திர'த்தைக் கண்டித்தது. ஆனால் அதே தீர்மானத்தின் முதல் விதி, அருள் இல்லாமல் தன் செயல்களாலேயே ஒருவன் கடவுள்முன் நீதிமானாகலாம் என்பவனைக் கண்டிக்கிறது. அப்பாவிடம் இதைக் காட்டியபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார்.

பிறகு 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அதன் சாரம்: அருளால் மட்டுமே, நம் தகுதியால் அல்ல, கிறிஸ்துவில் வைக்கும் நம்பிக்கையில் கடவுள் நம்மை ஏற்கிறார், அந்த ஏற்பே நம்மை நற்செயலுக்கு அழைக்கிறது. வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அடிப்படையில் ஒத்த கருத்து உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். 2006இல் மெதடிஸ்ட் சபைகளும் சேர்ந்துகொண்டன. உலக அளவில் வழக்கு ராசியாகிப் பல ஆண்டுகள் கழித்தே எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்து சேர்ந்தது. "கையெழுத்துப் போட்டவர்கள் உன் அம்மாவிடம் கேட்டார்களா?" என்றார் அப்பா.

சரி, கொலைகாரன். சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு, 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்ற வாக்கு கிடைத்தது. அவன் ஞானஸ்நானம் பெறவில்லை, திருடியதைத் திருப்பித் தரவில்லை, ஒரு நற்செயலுக்கும் அவனுக்கு நேரமில்லை. ஆகவே, ஆம், போகலாம். நழுவாமல் சொல்கிறேன். ஆனால் 'கடைசியில் நம்பிக்கொள்ளலாம்' என்று திட்டம்போட்டுக் கொலை செய்பவன் கடவுளை நம்பவில்லை, ஏமாற்றப் பார்க்கிறான். இரண்டும் ஒன்றல்ல. உங்களுக்கு உறுத்துவது இதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஒழுங்காக வாழ்ந்த நமக்கும் அவனுக்கும் ஒரே கூலியா என்பதுதான் உறுத்தல். காலையில் கொத்தனார் வேலைக்கு ஆட்கள் நிற்கும் முனை எந்த ஊரிலும் உண்டு. மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் விடியலில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த திராட்சத்தோட்டக்காரனின் கதையை மத்தேயு 20இல் படித்துப் பாருங்கள். விடியலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். நியாயமான முணுமுணுப்பு. எனக்கும் அந்தக் கதை இன்னும் முழுதாக ஜீரணமாகவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அப்பாவின் நண்பர் ஒருவர் திருப்பாதிரிப்புலியூர்க்காரர், தீவிர சைவர். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கரையேறவிட்டகுப்பத்தைக் காட்டுவார். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லப்படும் இடம். "அப்பர் நீந்தினாரா ஐயா? கல் மிதந்தது" என்பார். அப்பாவும் தலையாட்டுவார். இரண்டும் ஒன்று என்று நான் கலக்க மாட்டேன். இரு சமயங்களுக்கும் அது நியாயமில்லை. ஆனால் தன் முயற்சியால் அல்லாமல் கரையேறுவது என்ற எண்ணம் இந்தக் கரைக்கு அந்நியமானதும் அல்ல.

இந்தக் கோட்பாடு முதன்முதலில் எங்கே வெடித்தது என்று பலர் கவனிப்பதில்லை. சாவுப் படுக்கையில் அல்ல, பந்தியில். அந்தியோகியாவில் யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து யூதக் கிறிஸ்தவர்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்பாகவும் அவரைக் கேட்டுவிட்டார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் அதுதான். நியாயப்பிரமாணத்தின் (யூதச் சட்டத்தின்) கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் மனிதன் நீதிமானாகிறான் என்ற வாக்கியம் அந்தச் சாப்பாட்டுத் தகராறின் நடுவே வருகிறது. பிறப்போ விருத்தசேதனமோ ஒழுக்கமோ உன்னை உள்ளே கொண்டுவரவில்லை என்றால், பக்கத்து இலைக்காரனை எதை வைத்துத் தள்ளிவைப்பாய்? எபேசியரில் அப்பா உரத்துச் சொல்லும் வசனத்துக்கு ஆறு வசனம் கீழே இறங்குங்கள்: 'பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து' என்று இருக்கும்.

எங்கள் ஊரில் அந்த நடுச்சுவர் நிஜமாகவே இருந்தது. துய்ப்ளெக்ஸ் பிரெஞ்சுக் கவர்னராக இருந்த காலம். ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபரில் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர், ஒருபக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். எல்லோரும் உங்கள் சீடர்கள்தானே, ஏன் இந்தப் பேதம் என்று தாழ்த்தப்பட்டவர்கள் பெரிய பாதிரியாரிடம் முறையிட, சுவரை எடுக்கச் சொல்கிறார் அவர். உடனே மேல்சாதிக்காரர்கள் எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள். சென் போல் என்பதுதான் மக்கள் வாயில் சம்பா ஆனது என்பார்கள். அதாவது பவுலின் கோவில். நடுச்சுவர் தகர்ந்தது என்று எழுதியவரின் பெயரிலேயே கட்டிய கோவிலுக்குள் ஒரு நடுச்சுவர்! 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்தபோது அந்தக் கோவிலும் போயிற்று. இன்று நிற்பது 1791இல் எழுந்தது.

கோவில் போனது, சுவர் எல்லா இடத்திலும் போய்விடவில்லை. எங்கள் உறவினர் ஒருவரை அடக்கம் செய்யப் போன ஊரில் (பெயர் வேண்டாம்) ஒரே சபைக்கு இரண்டு கல்லறைத் தோட்டங்கள். கிருபையைப் பற்றி அன்று நல்ல பிரசங்கம். நம்பிக்கையால் மட்டும் மீட்பு என்பதைச் சொர்க்கத்துக்கு மலிவு டிக்கெட் என்று கேலி செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நாங்களே அதை அப்படித்தான் விற்றிருக்கிறோம். எனக்கு அது வேறுவிதமாகக் கேட்கிறது: ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு. அந்தச் சொல்லை மட்டும் உண்மையாக எடுத்துக்கொண்டால் நம் ஊரில் எத்தனை சுவருக்கு அஸ்திவாரம் இல்லாமல் போகும்!

அப்பா இறந்தபோது அவரைக் கடலூரில்தான் அடக்கம் செய்தோம். கல்லில் இருபத்தேழாம் சங்கீதத்தின் முதல் வரி வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த மொழிபெயர்ப்பு என்பதில்தான் நான் தயங்கினேன். கல் செதுக்குபவருக்கு எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. 'ஆண்டவரே என் ஒளி, அவரே என் மீட்பு' என்றால் பதினேழு எழுத்து. 'கர்த்தர் என் வெளிச்சமும் என் இரட்சிப்புமானவர்' என்றால் இருபத்தைந்து. அம்மா கட்டுவதாக இருந்ததால் அவர் பழகிய வரியையே போட்டுவிடலாமா என்று கேட்டேன். "எட்டெழுத்துக்குக் கணக்குப் பார்க்காதே, அவர் வார்த்தையைப் போடு" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ண ஆரம்பித்தார். கையில் அதே வளையல்கள்.