மீனை விட வேண்டாம், உப்பைக் குறையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 58. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் இல்லாமல் எங்கள் வீட்டில் நாள் நகராது. இதயத்தைக் காக்க இவற்றை விட்டுவிட வேண்டுமா?
– வாசகர் ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: மீனை விட வேண்டியதில்லை. குளச்சலில் கரையிறங்கும் சாளையிலும் அயிலையிலும் உள்ள ஒமேகா 3 கொழுப்பு இதயத்துக்கு நல்லது; வாரம் இருமுறை குழம்பாக வைத்தே சாப்பிடுங்கள், பொரிப்பதை மட்டும் குறையுங்கள். எனக்குக் கவலை தருவது உப்புதான். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கருவாடு, ஊறுகாய், பப்படம் மூன்றும் ஒரே இலையில் சேர்ந்துவிட்டால், குழம்பில் நீங்கள் எவ்வளவு பார்த்துப் போட்டாலும் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும், இரத்த அழுத்தமும் கட்டுக்குள் நிற்காது. மரச்சீனி பெரும்பாலும் மாவுச்சத்து என்பதால், அதைச் சோற்றோடு சேர்க்காமல் சோற்றுக்குப் பதிலாக, அளவாகச் சாப்பிடுங்கள். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. தாளிக்கச் சிறிதளவு போதும். வாரத்துக்கு 150 நிமிடமாவது விறுவிறுப்பாக நடந்தால் இதயத்தோடு மூட்டுகளும் முதுமையில் ஒத்துழைக்கும். அழுத்தம் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அங்கேயே நின்று, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.