டிக்கெட் அக்கா பதில்கள்: வாசலுக்கு வாசல் கணக்கு

ஈப்போவில் ஒரு பயண முகவர் கடையில் 22 வருசம் டிக்கெட் கவுண்டரில் இருந்தவள் நான். சிவப்புக் கார்பன் ஒட்டிய காகித டிக்கெட்டைக் கையால் எழுதிக் கொடுத்த காலத்தையும் பார்த்தேன், 2008 ஜூனில் அந்தக் காகிதமே ஒழிந்து போனதையும் பார்த்தேன். இப்போது சுங்கை சிப்புட்டில் வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டி, "அக்கா, இது மலிவா?" என்று கேட்காமல் விடுவதில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஆஸ்திரேலியாவுக்கு வேலையும் விடுமுறையுமாகப் போகிற பிள்ளைகளுடையவை.

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். டிகிரி முடித்துவிட்டேன், 462 என்கிற ஆஸ்திரேலிய வேலை-விடுமுறை விசாவும் கிடைத்துவிட்டது. மில்டுராவில் திராட்சை பறிக்க ஜனவரி நடுவில் வரச் சொல்கிறார்கள். மெல்பர்னுக்கு ஒரு வழி டிக்கெட் மூன்று விதமாகக் கிடைக்கிறது. மலிவு விமானம் 489 வெள்ளி (ரிங்கிட்). காலை 9.30க்குக் கிளம்பி இரவு 8.30க்கு இறங்கும். 25 கிலோ பெட்டிக்கு 190, சாப்பாட்டுக்கு 25 தனி. பெர்த் வழியாக இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் 268, 329. பெட்டிக்கு ஒன்றில் 150, இன்னொன்றில் 125. பெரிய விமானம் 845 வெள்ளி. பெட்டியும் சாப்பாடும் சேர்த்தி. இரவு கிளம்பிக் காலை 8.50க்கு இறங்கும். அப்பா 489ஐ எடு என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— பெயர் வேண்டாம் என்ற தங்கை, பேராக்

பதில்: தங்கச்சி, எண்களை எல்லாம் இவ்வளவு ஒழுங்காக எழுதி அனுப்பியதற்கே உனக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுக்கலாம். பாதிப் பேர் "ஐநூறு சொச்சம்" என்று எழுதிவிட்டு என்னைத் தேடச் சொல்கிறார்கள்.

பெர்த்தை முதலில் தள்ளி வைத்துவிடலாம். 597 என்று கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டு பெட்டிக் கட்டணத்தையும் சேர்த்தால் 872. பெரிய விமானத்தைவிட 27 வெள்ளி அதிகம் கொடுத்து இரண்டு மடங்கு அலைச்சலை வாங்குகிறாய். அலைச்சல் என்றால் எப்படி? பெர்த்தில் குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, உயிரியல் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, மறுபடி பெட்டியைப் போட வேண்டும். உள்நாட்டு விமானம் 3ஆம், 4ஆம் முனையத்தில் என்றால் அது பக்கத்துக் கட்டடம்கூட இல்லை, பஸ் ஏறிப் போகணும்.

என் தம்பி மகன் இதே வழியில்தான் போனான். நடுவில் இரண்டு மணி பத்து நிமிடம் இருந்தது. "தாராளம் அத்தை" என்றான். அவன் அம்மா பெட்டிக்குள் ஒரு கட்டுக் கறிவேப்பிலையை வைத்துவிட்டாள். பிள்ளை நேர்மையாக அதை விமானத்தில் தருகிற தாளில் எழுதிக் கொடுத்தான், அதனால் அபராதம் இல்லை. ஆனால் எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தனி வரிசை, அந்த வரிசையில் ஐம்பது நிமிடம். கறிவேப்பிலை குப்பைக்குப் போனது, மெல்பர்ன் விமானமும் போனது. இரண்டாவது விமானக்காரர்களைக் கேட்டால், "முதல் டிக்கெட்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்றார்கள். அது சரிதான். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டு தனித்தனி ஒப்பந்தம். நம் நாட்டில் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள் 2016இல் வந்தன. 2024 செப்டம்பரிலிருந்து, விமானம் 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணம் வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அது தாமதமான அந்த டிக்கெட்டோடு சரி, அதை நம்பி வாங்கிய அடுத்த டிக்கெட்டுக்கு ஒரு காசு வராது.

இனி 489. அது அந்தக் காலத்துக் கப்பலின் டெக் (மேல்தள) டிக்கெட் மாதிரி. எங்கள் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்கு வந்த கதையைச் சொல்லும்போது, "இடம் மட்டும்தான் அவன் கொடுத்தான், பாயும் தலையணையும் என்னோடது" என்பார். மலிவு விமானத்திலும் இடம் மட்டும்தான் விலைக்குள் இருக்கிறது. உன் பாயையும் தலையணையையும் சேர்த்தால் 704. பெரிய விமானத்துக்கும் இதற்கும் வித்தியாசம் 141 வெள்ளி.

அந்த 141ஐ உன் வீட்டு வாசலிலிருந்து பண்ணை வாசல் வரை நடத்திக்கொண்டு போய்ப் பார். இரவு 8.30க்கு இறங்குகிறாய். பெட்டி எடுத்து வெளியே வரப் பத்தாகும். மில்டுரா மெல்பர்னிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். ரயிலும் பஸ்ஸுமாக மாறிப் போனால் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நேரத்தில் கிளம்ப முடியாது, ஒரு ராத்திரி எங்கேயாவது படுக்கணும். பலர் சேர்ந்து தங்கும் விடுதியில் ஒரு கட்டில் 50 ஆஸ்திரேலிய டாலர் என்று வை. டாலர் மூன்று வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக ஓடுகிறது, ஆக 140 வெள்ளி. உன் லாபம் ஒரு வெள்ளி! இதுவும் அந்தப் பக்கத்துக் கணக்குதான். இந்தப் பக்கம், காலை 9.30 விமானத்துக்கு 6 மணிக்கே கே.எல்.ஐ.ஏ.வில், அதாவது கோலாலம்பூர் விமான நிலையத்தில், நிற்கணும். முதல் நாள் இரவே கிளம்பி விமான நிலைய நாற்காலியில் தூங்கணும். இரவு விமானம் என்றால் பகலில் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம்.

எடுக்க வேண்டியது 845. காலை 8.50க்கு இறங்கினால், பத்தரை வாக்கில் பஸ் பிடித்து சதர்ன் கிராஸ் ஸ்டேசனுக்குப் போய்விடலாம். அந்த விமான நிலையப் பஸ்ஸே 20 டாலருக்கு மேல், அதைப் பார்த்து மலைக்காதே. அங்கிருந்து மில்டுராவுக்கு வி-லைன் என்கிற மாநிலப் போக்குவரத்துச் சேவையின் ரயிலும் கோச்சும் (தூரப் பஸ்). 2023 மார்ச்சிலிருந்து விக்டோரியா மாநிலத்தில் வி-லைனில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு நாளைக்கு மெல்பர்ன் நகர டிக்கெட் விலைதான் உச்சம், பத்துப் பதினொரு டாலர். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வருவதைவிட 500 கிலோமீட்டர் மலிவு! இதைக் கேட்டு நானே இரண்டு முறை சரிபார்த்தேன். அன்றைக்கு எந்தெந்த நேரத்துக்கு வண்டி இருக்கிறது என்று பார்த்து, கோச்சில் இடத்தை முன்கூட்டியே பதிந்துவிட்டு, அப்புறம் விமானத்தை முடிவு பண்ணு. எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இன்னொரு வழியையும் ஒருமுறை போட்டுப் பார். ஈப்போவிலிருந்தே ஸ்கூட் விமானம் சிங்கப்பூருக்குப் போகிறது, சிங்கப்பூரிலிருந்து மெல்பர்னுக்கும் அதே ஸ்கூட்தான். "கோலாலம்பூர்" என்று அடித்துத் தேடியே பழகிவிட்டதால் நம்மவர்களுக்கு இது தோன்றுவதில்லை. புறப்படும் இடம் ஈப்போ, சேரும் இடம் மெல்பர்ன் என்று ஒரே டிக்கெட்டாகக் கேள். ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால்தான் எடு. எல்லா நாளும் மலிவாக இருக்காது, சில நாள் இருக்கும். கே.எல்.ஐ.ஏ. போகும் செலவையும் இதில் கழித்துப் பார்க்க மறக்காதே.

ஜனவரி மலிவான மாதமே இல்லை என்பதையும் அப்பாவிடம் சொல். விடுமுறைக்கு இந்தப் பக்கம் வந்த ஆஸ்திரேலியர்கள் அந்த மாதம் பள்ளி திறப்பதற்குள் ஊர் திரும்புவார்கள், அவர்கள் பின்னாலேயே நம் மாணவர்கள் பிப்ரவரியில் போவார்கள். கண்டிராக்டர் ஜனவரி நடு என்று சொல்லிவிட்டால் நீ போய்த்தான் ஆகணும். அவர் தேதியை நம்பாமல் சும்மா போகிற பிள்ளைகளாக இருந்தால் மே மாதம் போகச் சொல்வேன். டிக்கெட் இறங்கியிருக்கும், மில்டுரா பக்கம் ஆரஞ்சுப் பறிப்பும் தொடங்கும். குளிர்தான் கொஞ்சம் கடிக்கும். விசா கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முதல் முறை நுழைந்தால் போதும், நுழைந்த நாளிலிருந்துதான் உன் ஒரு வருசம் ஓட ஆரம்பிக்கும்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/பி (மலாயில் 'இன்னாரின் மகள்') இருக்கிறது. டிக்கெட் பக்கம் அந்தக் கோட்டை ஏற்கவே மாட்டேன் என்கிறது. குடும்பப் பெயர் வேறு கேட்கிறது. எனக்கு ஏது குடும்பப் பெயர்?
— வாசகி, பகாவ்

பதில்: கவுண்டரில் எனக்குத் தலைவலி கொடுத்ததில் இதற்குத்தான் முதலிடம். டிக்கெட் முறைக்குச் சாய்கோடு தெரியாது. நாங்கள் ஏ/பி, ஆண்களுக்கு வரும் ஏ/எல் இரண்டையும் விட்டுவிட்டு, உங்கள் பெயரை முதல் பெயரிலும் அப்பா பெயரைக் குடும்பப் பெயரிலும் அடிப்போம். எழுத்து மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கணும். வீட்டில் கூப்பிடுகிற பெயர், எண் கணிதம் பார்த்துச் சேர்த்த கூடுதல் 'எச்', எதுவும் உள்ளே வரக்கூடாது. விசாவிலும் பெயர் எந்த வரிசையில் விழுந்திருக்கிறது என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய பிறகு பெயர் திருத்துவது புது டிக்கெட் வாங்குவதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

கேள்வி: ராத்திரி 12க்கு மேல் தேடினால் மலிவாமே? செவ்வாய்க்கிழமைதான் வாங்கணுமாமே?
— வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: ராத்திரி தூங்குங்கள் ஐயா. வாங்குகிற கிழமையைவிடப் பறக்கிற கிழமைதான் விலையை அசைக்கும். கூகள் ஃபிளைட்ஸிலோ ஸ்கைஸ்கேனரிலோ மாதம் முழுவதையும் காலண்டராக விரித்துப் பார்த்தால் உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். பார்ப்பது அங்கே இருக்கட்டும், வாங்குவதை விமான நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலேயே வாங்குங்கள். நானே முகவர் கடைக்காரி, நானே சொல்கிறேன்: முகம் தெரியாத ஒரு இணைய முகவரிடம் இருபது வெள்ளி மிச்சம் பிடித்தவர்கள் தேதி மாற்றப் போகும்போது, விமானக்காரர் முகவரைக் கேள் என்பார், முகவர் விமானக்காரரைக் கேள் என்பார்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஒருவர் வந்து, 3,800 வெள்ளி கொடுத்தால் டிக்கெட்டும் ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலையும் உறுதி என்கிறார். சுற்றுலாவாகத்தான் நுழையணுமாம், அப்புறம் "பார்த்துக்கலாம்" என்கிறார். தம்பிக்கு ஆசை வந்துவிட்டது.
— வாசகர், கோல சிலாங்கூர்

பதில்: வேண்டாம். அவர் சொல்வது இ.டி.ஏ. என்கிற மின்னணுச் சுற்றுலா அனுமதி. மலேசியப் பாஸ்போர்ட்டுக்குக் கைப்பேசிச் செயலியிலேயே 20 டாலர் கட்டணத்தில் அது கிடைக்கும். ஒரு முறை போனால் மூன்று மாதம் சுற்றிப் பார்க்கலாம், வேலை செய்யக்கூடாது. மீதி ஆயிரக்கணக்கில் எதற்கு வாங்குகிறார் என்று அவரையே கேளுங்கள். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது உங்கள் தம்பி, அந்த ஆள் இல்லை. சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் தம்பி வாயைத் திறக்கப் பயப்படுவான், அதை வைத்துத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. தம்பிக்கு 31 வயது ஆகவில்லை, இரண்டு வருசமாவது பட்டப்படிப்பு அளவில் படித்திருக்கிறார், ஆங்கிலம் ஓரளவு வரும் என்றால் 462க்கே நேராக முயற்சி செய்யட்டும். கையில் 5,000 ஆஸ்திரேலிய டாலர் அளவுக்குச் சேமிப்புக் காட்டணும். அதுதான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய மலை, தெரியும்.

கேள்வி: எனக்கு அடுத்த மாதம் 31 பிறக்கிறது. 462க்கு விண்ணப்பிக்க முடியுமா?
— வாசகி, கூலிம்

பதில்: பிறந்த நாளுக்கு முன்னால் விண்ணப்பித்தால் முடியும். இந்தப் பத்தியை மூடிவிட்டு இப்போதே எழுந்து போங்கள்.

கேள்வி: மகள் ஒரு வருசம் கழித்துத்தான் வருவாள். இரு வழி டிக்கெட்டாக எடுப்பதா? தீபாவளிக்கு வந்து போவாளா என்றும் மனசு கேட்கிறது. கூடவே என்ன கொடுத்து அனுப்பலாம்?
— ஒரு தாய், தெலுக் இந்தான்

பதில்: அம்மா, மலிவு விமானங்களில் போக ஒரு விலை, வர ஒரு விலை என்று தனித்தனியாகத்தான் போடுவார்கள், அதனால் ஒரு வழி எடுப்பதில் நட்டமில்லை. பெரிய நிறுவனங்களில் சில சமயம் இரு வழி டிக்கெட்டே ஒரு வழியைவிட அதிகம் வித்தியாசமில்லாமல் வரும், இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் ஒரு வருசத்துக்கு அப்புறம் எந்தத் தேதி என்று பறிக்கப் போகிற பிள்ளைக்கே தெரியாதே. எனக்கு ஒரு வழிதான் சரி என்று படுகிறது, திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு. விசாவும் அதைத்தான் கேட்கிறது: திரும்பும் டிக்கெட் அல்லது அதை வாங்கப் பணம்.

தீபாவளிக்கு வந்து போவது மனசுக்கு நல்லது, கைக்கு ஆகாது. ஆஸ்திரேலியாவை விட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் டிக்கெட்டுக்குள்ளேயே 70 டாலர் வரி ஒளிந்திருக்கிறது, 2024 ஜூலையிலிருந்து. இங்கிருந்து திரும்பப் போகும்போது நம் நாட்டுப் புறப்பாட்டு வரி 20 வெள்ளி. இரண்டும் சேர்ந்தாலே இருநூறு வெள்ளிக்கு மேல், இருக்கை விலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இந்த வருசம் வீடியோவில் பலகாரத்தைக் காட்டுங்கள், அழுதால் அழட்டும்.

கொடுத்து அனுப்புவதற்கு: பச்சைக் கறிவேப்பிலை, விதை, செடி, பழம் வேண்டவே வேண்டாம். கடைப் பாக்கெட்டில் மூடி ஒட்டிய மசாலாத் தூளைக் கொடுங்கள். அதையும் விமானத்தில் தருகிற தாளில் "ஆம்" என்று குறித்து அதிகாரியிடம் காட்டச் சொல்லுங்கள், காட்டியதற்காக யாரும் அபராதம் போடுவதில்லை. கைப்பையை ஏழு கிலோ என்று தராசில் போட்டுப் பார்ப்பார்கள், தூளைப் பெட்டியில் வையுங்கள். ஊறுகாய்ப் போத்தலும் பெட்டியில்தான். எண்ணெய் மிதக்கிற ஊறுகாயைக் கைப்பையில் வைத்து, அது திரவம் இல்லை என்று சோதனைக்காரரிடம் வாதாடிய ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். 100 மில்லிக்கு மேல் இருந்ததால் பாட்டி அங்கேயே உட்கார்ந்து நான்கு துண்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போத்தலைக் கொடுத்தார்.