தானே அணையும் சிகரெட் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தானே அணையும் சிகரெட்டைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். கைமறதியாக விடப்பட்ட சிகரெட்டால் மெத்தைகளும் சோபாக்களும் தீப்பிடித்து அமெரிக்காவில் ஏராளமானோர் இறந்ததையும், தானே அணையும் சிகரெட்டை மட்டுமே விற்க வேண்டும் என்ற நியூயார்க் மாநிலச் சட்டம் 2004இல் நடைமுறைக்கு வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியதையும் எழுதியிருந்தீர்கள். மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரிபவன் என்ற முறையில் சில ஐயங்களைக் கேட்க விரும்புகிறேன்.

ஃபிலிப் மோரிஸ் நிறுவனம் தன் மெரிட் சிகரெட்டை இதே தொழில்நுட்பத்துடன் 2000ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்படியென்றால் சட்டத்துக்கு முன்பே தொழில்துறை தானாக வழிகாட்டியிருக்கிறது அல்லவா? எங்கள் தொழிலிலும் கசிவு மின்சாரத்தைத் தடுக்கும் கருவி போன்றவை அப்படித் தானாக வந்ததைத்தான் என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டாவதாக, சிகரெட் புகையில் உள்ள பிசுபிசுப்பான நச்சுப்பொருளான தாரின் அளவைச் சோதிக்கும் முறையை வகுத்ததே அரசாங்கம்தான். அந்தச் சோதனையை நம்பித்தான் கோடிக்கணக்கானோர், தார் குறைவு என்று விற்கப்பட்ட 'லைட்' சிகரெட்டுக்கு மாறி ஏமாந்தார்கள். ஆகவே சட்டம் தலையிட்டால் நன்மையே விளையும் என்று எப்படிச் சொல்ல முடியும்? மூன்றாவதாக, 'பாதுகாப்பான சிகரெட்' என்ற பேச்சே புகைப்பதன் ஆபத்திலிருந்து மக்களின் கவனத்தைத் திருப்பாதா? இப்போது சிகரெட்டின் நிகோடினைச் சட்டத்தால் குறைக்கும் பேச்சு எழுந்துள்ளது. அதையும் ஆதரிப்பீர்களா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் என்னை மீண்டும் பழைய குறிப்புகளைப் புரட்ட வைத்தது. மெரிட் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. என் கட்டுரையில் அதைக் குறிப்பிடாமல் விட்டது குறைதான். அந்த சிகரெட் கடைக்கு வந்தபோது இப்படிப்பட்ட சட்டம் எந்த மாநிலத்திலும் நடைமுறையில் இல்லை. அதன் தாளில் சில இடங்களில் மட்டும் காற்று எளிதில் புகாத மெல்லிய பட்டைகள் வளையமாக ஓடின. புகைப்பவர் இழுக்கும்போது கனல் அந்தப் பட்டைகளைத் தாண்டிவிடும். இழுக்காமல் எங்கேனும் வைத்துவிட்டால், பட்டையை நெருங்கும்போது ஆக்சிஜன் போதாமல் அணைந்துவிடும். எளிய ஏற்பாடு என்பதாலேயே, அது ஏன் இத்தனை காலம் வரவில்லை என்ற கேள்வி எழுகிறது.

அந்தக் காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரில் 1929இல் சிகரெட்டால் ஒரு தீ விபத்து நேர்ந்தது. அப்பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் எடித் நர்ஸ் ரோஜர்ஸ், தானே அணையும் சிகரெட்டை உருவாக்க வழி காணுமாறு தேசியத் தரநிலைகள் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார். மூன்று ஆண்டுகளில் அந்த நிறுவனம் ஒரு மாதிரியைச் செய்தும் காட்டியது. அதைத் தயாரிக்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை. பிறகு 1979இல் அதே மாநிலத்தின் வெஸ்ட்வுட் ஊரில் ஒரு சிகரெட் தீயில் தாய், தந்தை, ஐந்து குழந்தைகள் என ஒரு குடும்பமே மாண்டது. தன் தொகுதியில் நடந்த அந்தச் சாவுதான் காங்கிரஸ் உறுப்பினர் ஜோ மோக்லியைச் சட்ட மசோதா கொண்டுவர வைத்தது. நேரடிக் கட்டுப்பாடு நிறைவேறவில்லை. ஆய்வுக் குழு அமைக்கும் சட்டம்தான் 1984இல் கிடைத்தது. அந்தக் குழுவில் புகையிலைத் துறையின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். தீப்பற்றவைக்கும் இயல்பு குறைந்த சிகரெட்டைச் செய்வது தொழில்நுட்ப அளவில் இயலும் என்றும், வணிக அளவிலும் இயலக்கூடும் என்றும் அது 1987இல் அறிக்கை தந்தது. மெரிட் வந்தது அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. அதே நிறுவனத்தின் பேர்போன மார்ல்போரோ அப்போதும் பழைய தாளிலேயே விற்கப்பட்டது.

இதற்கு அந்த நிறுவனங்களில் இருந்தவர்களின் நெஞ்சில் ஈரமில்லாததே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் விஷயம் எளிதாகிவிடும், ஆனால் ஒன்றும் விளங்காது. லிகெட் என்ற சிகரெட் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். அதன் விஞ்ஞானிகள் 1970களில் புகையிலையில் பல்லேடியம் என்ற உலோகத்தையும் மக்னீசியம் நைட்ரேட்டையும் சேர்த்து, எலிகளின் தோலில் கட்டிகளை உண்டாக்கும் தன்மை வெகுவாகக் குறைந்த புகையைப் பெற்றார்கள். எக்ஸ்.ஏ. என்ற பெயரில் பல ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டம் கடைக்கு வரவேயில்லை. வழக்கறிஞர்கள் தடுத்தார்கள் என்று அதை நடத்திய ஜேம்ஸ் மோல்ட் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். ஒரு சிகரெட்டைக் காட்டி 'இது தீங்கு குறைந்தது' என்று நிறுவனம் சொன்னால், தன் மற்ற சிகரெட்டுகள் தீங்கு மிகுந்தவை என்று அதே வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடும். நல்ல மனம் படைத்த ஒரு மேலாளர் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே நாளில் ஒரே கட்டளை வரும்போது மட்டும் இந்த முடிச்சு அவிழ்கிறது. அப்போது யாரும் யாரையும் குற்றம் சொன்னதாகாது, வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குத் தாவிவிடுவார் என்ற அச்சமும் இல்லை.

உங்கள் தொழிலில் இத்தகைய முடிச்சு இருக்காது என்று நினைக்கிறேன். கசிவு மின்சாரத்தைத் தடுக்கும் கருவியை விற்பவர் தன் பழைய கருவியைக் கொலைகாரன் என்று அறிவிக்க வேண்டியதில்லை. ஆகவே உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. அதை எல்லாத் தொழில்களுக்கும் பொதுவாக்குவதைத்தான் மறுக்கிறேன். தன்னார்வ ஏற்பாடு ஓரளவு பலன் தந்த உதாரணம் இதே வரலாற்றில் உண்டு. சோபா போன்ற திண்டு வைத்த இருக்கைகளைச் செய்யும் அமெரிக்கத் துறையினர், நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கட்டாய விதி கொண்டுவரும் நிலையில் இருந்த 1970களின் இறுதியில், சிகரெட் கனலுக்கு எளிதில் புகையாத துணியையும் பஞ்சையும் பயன்படுத்தும் தன்னார்வத் திட்டத்தை வகுத்தார்கள். சட்டம் வாசலில் நின்றதால் உள்ளே வேலை நடந்தது.

அந்த ஆணையம் சிகரெட்டின் வாசலில் ஏன் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். அதை உருவாக்கிய 1972ஆம் ஆண்டுச் சட்டமே புகையிலைப் பொருள்களுக்கு விலக்கு அளித்திருந்தது. இதை முதன்முறை அறிந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. எரியும் சிகரெட்டை மேலே வைத்தாலும் பற்றிக்கொள்ளாத மெத்தையைத்தான் விற்க வேண்டும் என்ற கூட்டரசு விதி 1973இல் நடைமுறைக்கு வந்தது. தீயை வைக்கும் பொருளுக்கு விதி இல்லை. தீ வைக்கப்படும் பொருளுக்கு உண்டு. சிகரெட் நிறுவனங்களும் குறை இருக்கைகளில்தான் என்று வாதிட்டன, தீயணைப்புத் துறைச் சங்கங்களுக்கு நிதி கொடுத்து நட்பு வளர்த்தன. சோபாவின் நுரைப்பஞ்சில் தீத்தடுப்பு வேதிப்பொருள்களைச் சேர்ப்பது அமெரிக்காவில் பரவியது. அவற்றுள் சில பின்னாளில் தாய்ப்பாலிலும் காணப்பட்டன. சிகரெட் தாளில் இரண்டு பட்டை ஒட்டாமல் விட்டதன் செலவை யார் யார் ஏற்றார்கள் என்பதைக் கணக்கிட்டால் பட்டியல் நீளும்.

மெத்தையைச் சோதிக்க ஆய்வகங்கள் பயன்படுத்தியவை கடையில் கிடைத்த வடிகட்டி இல்லாத பால் மால் சிகரெட்டுகள். சட்டங்கள் பரவி அந்த சிகரெட்டும் தானே அணையத் தொடங்கியதும், சோதனைக்கு முழுதாக எரியும் சிகரெட் கிடைக்கவில்லை. தேசியத் தரநிலைகள் நிறுவனத்தின் வழிவந்த அமைப்பு அதற்கென்றே பழைய முறையில் சிகரெட்டைத் தனியே செய்வித்து ஆய்வகங்களுக்கு வழங்க வேண்டியதாயிற்று. சட்டம் கடைத்தெருவை எந்த அளவுக்கு மாற்றிவிட்டது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

நியூயார்க் விதி மிகவும் எளிமையானது. பத்து அடுக்கு வடிதாளின் மேல் எரியும் சிகரெட்டை வைக்க வேண்டும். நாற்பது சிகரெட்டுகளைச் சோதித்தால் அவற்றில் 25 சதவீதத்துக்கு மேல் முழு நீளமும் எரியக்கூடாது. ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க்கில் வாங்கிய சிகரெட்டுகளில் 10 சதவீதமே முழுதாக எரிந்தன. கலிபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் வாங்கியவற்றில் 99.8 சதவீதம் எரிந்தன. மாநில எல்லையைத் தாண்டியதும் அதே பெயர் கொண்ட சிகரெட் வேறு பொருளாகிவிடுகிறது! செய்யத் தெரிந்தவர்கள், ஆணையிடப்பட்ட இடத்தில் மட்டும் செய்தார்கள். நியூயார்க்கில் விற்பனை சரியவும் இல்லை. கனடா 2005இல் நாடு முழுவதற்கும் விதித்தது. நாடு முழுவதும் இத்தகைய சிகரெட்டையே விற்கப்போவதாக ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் நிறுவனம் 2007இல் அறிவித்தபோது பல மாநிலங்கள் சட்டம் இயற்றி முடித்திருந்தன. 2011க்குள் ஐம்பது மாநிலங்களும் இயற்றிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அந்த ஆண்டு நவம்பரில் இத்தரநிலை வந்தது. மாசசூசெட்ஸில் இதன் பிறகு சிகரெட்டால் வீடு தீப்பிடிக்கும் வாய்ப்பு 28 சதவீதம் குறைந்ததாக 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அமெரிக்க வணிக ஆணையம் 1967இல் தொடங்கிய தார் சோதனை அரசாங்கத்தின் சோதனைதான். அது மக்களைத் தவறான வழியில் செலுத்தியதும் உண்மைதான். ஓர் இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு முறை, 2 விநாடி நேரம், 35 மில்லிலிட்டர் புகையை இழுக்கும். நிறுவனங்கள் வடிகட்டியைச் சுற்றி நுண்ணிய துளைகளை இட்டன. இயந்திரத்தில் அத்துளைகள் திறந்திருந்ததால் காற்று கலந்து தார் குறைவாகக் காட்டியது. மனிதனின் விரலும் உதடும் துளைகளை மூடின. நிகோடின் போதாதவன் ஆழமாகவும் அடிக்கடியும் இழுத்தான். நெஞ்சுக்குள் போனது ஏறக்குறைய பழைய அளவே. தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2001இல் இதைத் தெளிவாகச் சொன்னது. நிறுவனங்கள் இதை அறிந்தே 'லைட்' என்று விற்றன என்று நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2006இல் தீர்ப்பளித்தார்.

ஆனால் இதைச் சட்டத்தின் தோல்வி என்று எழுதும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சோதனையில் உச்சவரம்பே கிடையாது. எவ்வளவு தார் இருந்தாலும் விற்கலாம், எண்ணைச் சொன்னால் போதும். விளம்பரங்களில் எண்ணைக் கட்டாயமாக்கும் விதியை ஆணையம் 1970இல் முன்மொழிந்தபோது, நிறுவனங்கள் தாமாகவே வெளியிடுவதாக ஒப்புக்கொண்டு அந்த விதியைத் தவிர்த்தன. 1987இல் ஆணையம் தன் ஆய்வகத்தை மூடியதும், சோதனை புகையிலைத் துறையின் ஆய்வகத்துக்கே போய்விட்டது. அரசின் முத்திரையும் தொழில்துறையின் கையும் சேர்ந்த ஏற்பாடு அது. அரசு செய்த பிழை பெரியது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. மனிதனின் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி அளந்தார்கள். தீச் சோதனையில் இந்தக் குறை ஏற்படவில்லை. அங்கே அளப்பது யாரும் தொடாமல் கிடக்கும் சிகரெட்டை, விபத்தின்போதும் அது அப்படித்தான் கிடக்கிறது. எதை அளக்கிறோம், அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகளை விட்டுவிட்டுச் சட்டமா தன்னார்வமா என்று விவாதிப்பதில் பயனில்லை என்று உங்கள் கடிதத்துக்குப் பிறகு எனக்குத் தோன்றுகிறது. தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

பெயரைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. சிகரெட் எதுவும் பாதுகாப்பானதல்ல. பட்டையிட்ட தாளுக்குள் இருப்பதும் அதே புகையிலைதான், அதே புற்றுநோய்தான். நான் கட்டுரையில் ஓரிடத்தில் 'பாதுகாப்பான சிகரெட்' என்று எழுதியதைத் திருத்திவிட்டேன். ஆயினும் இந்தச் சட்டம் யாரைக் காக்கிறது என்பதை மறக்கக்கூடாது. என் பெரியப்பா படுக்கையில் புகைப்பவர். அவருடைய பாயில் கருகிய ஓட்டைகள் நிறைய இருக்கும். பெரியம்மா நள்ளிரவில் எழுந்து, நீறு பூத்த நெருப்பு எங்கேனும் கிடக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதை விடுமுறைக்குச் சென்றபோதெல்லாம் கண்டிருக்கிறேன். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி சிகரெட் தீயில் இறப்பவர்களில் நால்வரில் ஒருவர் அந்த சிகரெட்டைப் புகைத்தவர் அல்ல. அதே வீட்டில் உறங்கியவர். அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

நிகோடினைக் குறைக்கும் சட்டத்தை ஆதரிக்கிறேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் முன்மொழிந்த விதி, ஒரு கிராம் புகையிலையில் 0.7 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக்கூடாது என்கிறது. இன்றைய சிகரெட்டுகளில் இருப்பது இதைப்போல் பல மடங்கு. இங்கே அளவு புகையில் எடுக்கப்படுவதில்லை, புகையிலையிலேயே எடுக்கப்படுகிறது. ஆகவே துளையிட்டு எண்ணைக் குறைக்க வழியில்லை. தன் வாடிக்கையாளரைத் தன்னிடம் கட்டிவைத்திருக்கும் பொருளை எந்த நிறுவனமும் தானாகக் குறைக்கும் என்று நீங்களும் எதிர்பார்க்க மாட்டீர்கள். சட்டமும் உறுதியான நிலம் அல்லதான்: நியூசிலாந்து 2022இல் இதேபோன்ற வரம்பை இயற்றியது, ஆட்சி மாறியதும் 2024இல், நடைமுறைக்கு வருமுன்பே அது நீக்கப்பட்டது. அமெரிக்க முன்மொழிவுக்கு என்ன ஆகிறது என்பதைக் கவனித்து வருகிறேன். நீங்களும் கவனித்து எழுதுங்கள், குறிப்பாக அந்தச் சோதனையை யார் நடத்தப்போகிறார்கள் என்பதை.

அன்புடன்.