மகன் படிக்கட்டும், நீங்கள் படத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். சில மாதங்களுக்கு முன் நண்பன் வீட்டில் 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து பாஸ்கெட்பால் பைத்தியம். அதுவரை பந்தையே தொடாதவன் இப்போது பள்ளி அணியின் பயிற்சிக்குப் போகிறான். அங்கே பி.டி. சார் அவனை ஓரமாக நிறுத்தி, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்கிறாராம். தினமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறான். ராத்திரி முழுக்க அந்தக் கதையின் மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்கள்தான். ஒருநாள் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். ரவுடிப் பையன்கள் பள்ளிக்குள் புகுந்து அடித்துக்கொள்கிறார்கள், முகமெல்லாம் ரத்தம். கதாநாயகனே சிவப்பு முடி வைத்த அடிதடிப் பேர்வழி. இது டி.வி. தொடராக 101 பகுதிகள் இருக்கிறதாம், அதையும் பார்ப்பேன் என்கிறான். எதைப் பார்க்க விடுவது, எதைத் தடுப்பது? இந்த வயதில் ஆரம்பித்து என்ன சாதிக்க முடியும்? வீண் நம்பிக்கையை வளர்க்கிறதோ என்று பயமாக இருக்கிறது. போதாததற்கு, கதாநாயகன் போடுவது மாதிரியே விலை உயர்ந்த ஷூ வேண்டுமாம்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் புரட்டிய பக்கங்கள் எவை என்று ஊகிக்க முடிகிறது. தகேஹிகோ இனோவே எழுதி வரைந்த 'ஸ்லாம் டங்க்' மாங்காவின் ஏழாவது, எட்டாவது தொகுதிகளில் வரும் சண்டை அது. மித்சுயி என்கிற நீளமுடிக்காரன், ஆட்களைக் கூட்டிக்கொண்டு, கதாநாயகன் படிக்கும் ஷோஹோக்கு பள்ளியின் உள்ளரங்குக்குள் நுழைகிறான். தெருவில் போட்டு நடந்த காலணியைக் கழற்றாமல் அந்தத் தரையில் கால் வைப்பதே ஜப்பானில் பெரிய அவமதிப்பு. அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். கடுமையான பக்கங்கள்தான், மறுக்க மாட்டேன். ஆனால் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டீர்கள். இன்னும் கொஞ்சம் புரட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள்.

அந்த மித்சுயி ஒரு காலத்தில் கனகாவா மாகாணத்தின் நடுநிலைப் பள்ளிகளிலேயே சிறந்த ஆட்டக்காரன். ஒரு இறுதி ஆட்டத்தில் தோற்றுவிட்டோம் என்று அவன் மனம் தளர்ந்தபோது, கைவிட்டால் அந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும் என்று சொல்லித் தேற்றியவர் ஆன்சாய் என்ற கோச். அவரிடம் கற்க வேண்டும் என்பதற்காகவே பெரிய பள்ளிகளை விட்டுவிட்டு ஷோஹோக்குவில் சேர்கிறான். முதல் வருடமே முழங்காலில் அடி. ஆறுவதற்குள் அவசரப்பட்டு இறங்கி, மறுபடியும் அதே காலில் அடி. தான் இல்லாத அணி தன்னை மறந்து முன்னேறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் விலகி, இரண்டு வருடங்களைத் தெருச்சண்டையில் தொலைக்கிறான். சண்டை வெளியே தெரிந்தால் அணியைப் போட்டிகளில் இருந்தே விலக்கிவிடுவார்கள், அதுதான் அவன் விரும்பியதும். எல்லோரும் அடிபட்டுக் கிடக்கும்போது கதவு திறக்கிறது, ஆன்சாய் உள்ளே வருகிறார். அவரைக் கண்டதும் மித்சுயி முழங்காலிட்டு அழுகிறான். பாஸ்கெட்பால் ஆட வேண்டும் என்பது மட்டும்தான் அவனால் சொல்ல முடிந்தது.

இதோடு விட்டிருந்தால் சினிமாத்தனம் என்று நானே ஒதுக்கியிருப்பேன். இனோவே விடவில்லை. முடியை வெட்டிக்கொண்டு அணிக்குத் திரும்பும் மித்சுயிக்கு, தொலைத்த இரண்டு வருடங்கள் திரும்பி வருவதே இல்லை. ஒவ்வொரு முக்கியமான ஆட்டத்திலும் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. ஏன் அப்படி வீணடித்தேன் என்று ஆட்டத்தின் நடுவில் உட்கார்ந்து அழுகிறான். அடிதடியில் இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களும் நானும் மணிக்கணக்கில் பேசினாலும் ஒரு பதினாறு வயதுப் பையன் காதில் ஏறாது. கை தூக்க முடியாமல் நிற்கும் மித்சுயியைப் பார்த்தால் ஏறும். அதனால் அந்தப் புத்தகங்களைத் தடுக்காதீர்கள். இரவு இத்தனை மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

அடுத்தது, ஓரமாக நின்று பந்தைத் தட்டுவது. உங்கள் மகன் இதை உங்களிடம் சொன்னானா தெரியவில்லை, கதையின் நாயகன் சகுராகி ஹனாமிச்சியும் அப்படித்தான் தொடங்குகிறான். நடுநிலைப் பள்ளியில் ஐம்பது பெண்களிடம் காதலைச் சொல்லி ஐம்பது பேரும் மறுத்த பையன். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்ததும் ஹாருகோ என்ற பெண் பாஸ்கெட்பால் பிடிக்குமா என்று கேட்கிறாள். அவளுக்காகப் பிடிக்கும் என்று பொய் சொல்லி அணியில் சேர்கிறான். சேர்ந்தவனை அரங்கின் ஒரு மூலையில் நிறுத்தி டிரிபிளிங், டிரிபிளிங், மறுபடியும் டிரிபிளிங். மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பொருமி, ஒருநாள் கோபித்துக்கொண்டு போகிறான், பிறகு தானே திரும்பி வருகிறான். உங்கள் பி.டி. சார் செய்வது சரியான காரியம். அடிப்படை இல்லாமல் பெரிய இடத்துக்குப் பறக்கப் பார்த்த யசாவா என்ற திறமைசாலி மாணவனைப் பற்றி ஆன்சாய் நினைத்துப் பார்க்கும் கிளைக்கதை ஒன்று பின்னால் வருகிறது. அதைப் படித்த பிறகும் உங்கள் மகன் முகத்தைத் தூக்கினால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

வீண் நம்பிக்கை பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். கதையின் முடிவை இங்கே சொல்லப்போவதால், மகன் கடைசித் தொகுதியை முடிக்கும்வரை இந்தப் பக்கத்தை அவன் கண்ணில் காட்டாதீர்கள்.

சகுராகிக்கு உயரம் 189 செ.மீ.க்கு மேல், குதித்தால் யாராலும் எட்ட முடியாது. அது பிறவியில் வந்த உடம்பு, உங்கள் மகனுக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. அப்படிப்பட்டவனுக்கும் கதை என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். தேசியப் போட்டிக்கு முன்னால் மற்றவர்கள் வெளியூர் முகாமுக்குப் போக, இவன் மட்டும் ஆன்சாயோடு பள்ளியில் தங்கி ஒரு வாரத்தில் 20,000 முறை பந்தை எறிந்து பழகுகிறான். அதில் கிடைப்பது ஒரே ஒரு ஷாட், கூடைக்குப் பக்கவாட்டில் இருந்து குதித்து எறியும் சாதாரண ஜம்ப் ஷாட். எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவைக்கூட அவன் இரண்டு கைகளாலும் கீழிருந்து வீசித்தான் போடுவான். அகிதா மாகாணத்தின் சான்னோ பள்ளியோடு நடக்கும் ஆட்டத்தில் 79-78 என்று ஒரு புள்ளியில் வெல்கிறார்கள். நாட்டிலேயே பெரிய அணியை வீழ்த்திவிட்டார்கள், இனி கோப்பைதான் என்று நினைக்கும்போது, அடுத்த ஆட்டத்தில் படுதோல்வி அடைந்து வீடு திரும்பியதை ஓரிரு வரியில் சொல்லிக் கதையை நிறுத்திவிடுகிறார் இனோவே. அந்தத் தோல்வியை வரையவே இல்லை. முதுகில் பட்ட அடியோடு சகுராகி சிகிச்சையில் இருக்கிறான். வாரப் பத்திரிகையில் 1990 முதல் 1996 வரை ஓடிய, உச்சத்தில் இருந்த ஒரு கதையை இப்படி முடிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இதில் வீண் நம்பிக்கைக்கு இடமே இல்லை. அந்த நான்கு மாதங்களில் சகுராகிக்குக் கிடைத்தது, ஹாருகோவிடம் சொன்ன பொய் உண்மையானதுதான். சான்னோ ஆட்டத்தின் நடுவே முதுகுவலியோடு தள்ளாடிக்கொண்டே, இந்த முறை பொய்யில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு மறுபடி ஆடப் போகிறான்.

2004-ல் விற்பனை பத்துக் கோடிப் பிரதிகளைத் தாண்டியபோது, கனகாவாவில் மூடப்பட்டுவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் 23 கரும்பலகைகளில், கதை முடிந்து பத்து நாள் கழித்து என்ன நடந்தது என்று இனோவே சாக்பீஸால் வரைந்தார். அதிலும் கோப்பை இல்லை. அவரவர் பாட்டுக்குப் பயிற்சியிலும் அன்றாட வேலையிலும் இருக்கிறார்கள்.

உங்கள் மகன் யாரைப் போல ஆக ஆசைப்படுகிறான் என்று கேட்டுப் பாருங்கள். சகுராகி, அல்லது அணியின் நட்சத்திர ஆட்டக்காரன் ருகாவா என்றுதான் சொல்வான், அந்த வயதில் எல்லோரும் அப்படித்தான். நான் கைகாட்டுவது கொகுரேவை. கண்ணாடி போட்ட பையன், துணைத் தலைவன், அதிகம் பேசாதவன். பெரிய உயரமோ வேகமோ இல்லை. மூன்று வருடம் ஒருநாள் விடாமல் பயிற்சிக்கு வந்தும், திறமைசாலிகளான ஜூனியர்கள் சேர்ந்ததும் பெஞ்சில் உட்காருகிறான். தேசியப் போட்டிக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும், ரியோனன் பள்ளியோடு நடக்கும் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அவனை இறக்குகிறார்கள். எதிரணி அவனைப் பொருட்படுத்தாமல் காவல் இல்லாமல் விடுகிறது. அவன் எறியும் மூன்று புள்ளிப் பந்து உள்ளே விழுகிறது. அவனும் மூன்று வருடம் உழைத்தவன்தானே, குறைத்து எண்ணியது தன் தவறு என்று எதிரணி கோச்சே ஒப்புக்கொள்கிறார். பந்து தட்டத் தொடங்கியிருக்கும் பதினாறு வயதுப் பையனுக்கு எட்டக்கூடிய சாதனை அது. மாநில அணி, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு என்றெல்லாம் நினைத்தால் இந்த வயதில் தொடங்குவது தாமதம்தான், அதை அவனிடம் மறைக்க வேண்டாம். பள்ளி அணியில் ஒரு இடம், உறுதியான உடம்பு, கூட நிற்கும் நாலு நண்பர்கள் என்றால் தாமதமே இல்லை.

டி.வி. தொடர் இப்போதைக்கு வேண்டாம், கோடை விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள். கெட்ட தொடர் என்பதால் சொல்லவில்லை. டோய் அனிமேஷன் தயாரித்து 1993 அக்டோபரில் தொடங்கி 1996 மார்ச்சில் முடிந்த தொடர் அது. மாங்காவோ அந்த ஆண்டு ஜூன் வரை ஓடியது. வாராவாரம் வந்துகொண்டிருந்த கதையை முந்திவிடக் கூடாதே என்று, சில விநாடி ஆட்டத்தைக்கூட நிமிடக்கணக்கில் இழுத்திருப்பார்கள். ஒருவன் குதித்துக் கீழே இறங்குவதற்குள் பார்ப்பவர்கள் அத்தனை பேரின் மனதிலும் ஓடுவதைச் சொல்லி முடித்திருப்பார்கள். 101 பகுதிகள் பார்த்த பிறகும் தேசியப் போட்டி தொடங்கியிருக்காது. சான்னோ ஆட்டம் அதில் இல்லவே இல்லை. பொதுத் தேர்வுக்கு அடித்தளம் போடும் வருடத்தில் அத்தனை மணி நேரத்தைக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். மாங்கா 31 தொகுதிகள், வார இறுதிக்கு இரண்டாகப் படித்தாலும் சில மாதங்களில் முடிந்துவிடும். நண்பர்கள் 'குரோகோ' என்ற இன்னொரு பாஸ்கெட்பால் கதையின் பக்கம் இழுத்தால் அதையும் பிறகு பார்க்கட்டும். அதில் வரும் வித்தைகள் மனித உடம்பால் ஆகாதவை, பந்தாட்டம் பழகும் நேரத்தில் ஸ்லாம் டங்க்தான் சரியான துணை.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். அவனை இந்த வழிக்கு இழுத்துவந்த அந்தப் படத்தை நீங்கள் பாருங்கள். தனியாகவே பாருங்கள்.

டி.வி. தொடர் தொடாமல் விட்ட சான்னோ ஆட்டத்தை, 26 வருடம் கழித்து, 2022 டிசம்பரில் இனோவே தானே எழுதி இயக்கிக் கொண்டுவந்தார். விளையாட்டு வீரர்களை உண்மையாகவே ஆடவைத்து அவர்களுடைய அசைவைப் பதிவு செய்து, அதன்மேல் உருவங்களை அமைத்திருக்கிறார்கள். பாஸ்கெட்பால் தெரியாத உங்களுக்குக்கூட, ஒரு உடம்பு இன்னொரு உடம்பை மறித்து நிற்கும் பாரம் புரியும். ஆனால் உங்களைப் பார்க்கச் சொல்வது அதற்காக இல்லை. படத்தின் மையத்தில் சகுராகி கிடையாது. ஏழாம் எண் சட்டை போட்ட மியாகி ரியோட்டா, 168 செ.மீ. உயரமுள்ள குட்டைப் பையன், அவனும் அவன் அம்மாவும்தான். ஒகினாவாவில் அப்பா இறந்துவிடுகிறார். பந்தாட்டம் சொல்லிக்கொடுத்த அண்ணனும் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. தம்பி ஆடும்போதெல்லாம் அம்மாவுக்குப் பெரியவன் நினைவு வருகிறது, அதைத் தாங்க முடியவில்லை. அவனுக்கோ, தான் உயிரோடு இருப்பதே குற்றம் என்று தோன்றுகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் இதைப் பேசியதே இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். முதலில் எழுதியதைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதுகிறான். அந்த அம்மா மகனிடம் சொல்லாமல், ஆட்டம் நடக்கும் ஹிரோஷிமாவுக்குப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்று ஆட்டத்தைப் பார்க்கிறாள்.

உங்கள் மகன் இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் பந்தைக் கையில் எடுத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சண்டையைப் பார்த்து வந்த ஆசையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்த்து முடித்ததும் எந்தக் காட்சி பிடித்தது என்று அவனிடம் கேளுங்கள். அறிவுரை எதுவும் சேர்க்காமல் கேளுங்கள். ஒருநாள் பயிற்சி முடியும் நேரத்தில் பள்ளிக்கும் போய் வாருங்கள், அவன் ஓரத்தில் பந்து தட்டுவதைப் பார்க்கவாவது.

ஷூ விஷயம். சகுராகி முதல் சில வாரங்கள் பள்ளியில் போடும் சாதாரண ஷூவோடுதான் ஆடினான். அது கிழிந்த பிறகுதான் கடைக்குப் போனான். கையில் இருந்தது 30 யென், கடைக்காரரை மிரட்டாத குறையாக அதற்கே ஏர் ஜோர்டன் என்ற விலை உயர்ந்த ஷூவை வாங்கி வந்தான். அப்படி ஒரு கடை நம் ஊரில் கிடைக்காது. கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும், அடிப்பாகம் வழுக்காத பாஸ்கெட்பால் ஷூவாக, உங்கள் கைக்கு எட்டும் விலையில் ஒன்று வாங்கிக்கொடுங்கள். ஓடும் ஷூவைப் போட்டு ஆட விடாதீர்கள், பக்கவாட்டில் திரும்பும்போது கால் பிசகும். அளவு பார்க்க அவனையும் கடைக்கு அழைத்துக்கொண்டு போங்கள், பயிற்சிக்குப் போடும் அதே சாக்ஸோடு.